கேரட்டுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்: பொரியல் முதல் அல்வா வரை முழு வழிகாட்டி

அண்ணன் மகன் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போவதற்கு முன்னால் பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கிச் சமையல் பழகினான். முதல் நாள் கேரட் பொரியல். வட்ட வட்டமாக நறுக்கினான், ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினான், மூடி வைத்துவிட்டு போனை எடுத்துக்கொண்டான். கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் நுனித் துண்டுகள் குழைந்திருந்தன, தலைப்பக்கத் துண்டுகள் நறுக்கென்று கடிபட்டன, அடியில் அரை டம்ளர் மஞ்சள் தண்ணீர் நின்றது. "அத்தை, இது பொரியலா, ரசமா?" என்று அவனே கேட்டான்.

அவனுக்குப் பிறகு அக்கம்பக்கத்தில் இன்னும் சிலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கேரட்டில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். அரைக் கிலோ எடுத்தால் அதற்குள்ளேயே 400 மில்லிக்கு மேல், அதாவது இரண்டு டம்ளர் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீரை எப்போது வெளியே வரவிடுவது, எப்போது உள்ளேயே நிறுத்திவைப்பது என்பதில்தான் கீழே வரும் எல்லாப் பக்குவமும் அடங்கியிருக்கிறது.

அளவுகள் நான்கு பேருக்கு. சின்ன ஸ்பூன் என்றால் 5 மில்லி, பெரிய ஸ்பூன் என்றால் 15 மில்லி.

1. எந்தக் கேரட், எதற்கு

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஆண்டு முழுக்கக் கிடைக்கும் ஆரஞ்சு நிற ஊட்டி கேரட் ஒன்று. குளிர்காலத்தில் மட்டும் வரும், நீளமாகச் சிவந்திருக்கும் டெல்லி கேரட் இன்னொன்று. பொரியலுக்கும் சாம்பாருக்கும் ஊட்டி கேரட் போதும், அதுதான் வடிவம் குலையாமல் நிற்கும். டெல்லி கேரட்டில் சாறும் இனிப்பும் அதிகம், அல்வாவுக்கு நல்லது. அதைப் பொரியலில் போட்டால் சீக்கிரம் சொதசொதவென்று ஆகிவிடும்.

கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமனாக, ஒரே அளவில் இருப்பதாகப் பொறுக்குங்கள். மிகப் பருத்த கேரட்டில் நடுத்தண்டு கட்டையாக இருக்கும், வெளிப்பகுதி வெந்த பிறகும் அது வேகாது. வளைத்துப் பார்த்தால் வளையக் கூடாது. வளைந்தால் உள்ளே இருந்த தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

தலைப்பக்கம் பச்சையாக இருப்பது வெயில் பட்ட இடம். கெட்டதல்ல, ஆனால் லேசாகக் கசக்கும். அந்த அளவுக்கு மட்டும் வெட்டி எறிந்தால் போதும். இலையோடு வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் இலையை நறுக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் கிழங்கிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், இரண்டே நாளில் கேரட் வாடிவிடும்.

2. அடுப்பைப் பற்றவைக்கும் முன்

கடுகு வெடிக்க ஆரம்பித்த பிறகு கறிவேப்பிலையைத் தேடி ஃப்ரிட்ஜைத் திறப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. தாளிப்பு மொத்தம் ஒரு நிமிட வேலை. அதற்குள் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

அடிகனமான, வாயகன்ற வாணலி ஒன்று. கேரட்டைப் போட்டால் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் குவியாத அகலம் வேண்டும். குவிந்தால் அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது வேகாது. மெல்லிய அலுமினியப் பாத்திரம் இந்த வேலைக்கு ஆகாது. கேரட்டில் சர்க்கரை உண்டு, அது மெல்லிய அடியில் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

வாணலியைச் சரியாக மூடுகிற, கொஞ்சம் குழிவான தட்டு ஒன்று. கண்ணாடி மூடியைவிட இந்தத் தட்டு மேல். ஏன் என்று பொரியலில் சொல்கிறேன்.

பெரிய கண், சிறிய கண் இரண்டும் உள்ள துருவி. கூரான கத்தி அல்லது அரிவாள்மணை. மழுங்கிய கத்தியால் கேரட்டை நறுக்காதீர்கள், உருண்டு நழுவி விரலைப் பதம் பார்க்கும்.

3. கழுவி, சீவி, பிறகு நறுக்குங்கள்

வரிசையை மாற்றாதீர்கள். நறுக்கிய பிறகு கழுவினால் வெட்டுப்பட்ட பக்கங்கள் வழியாக இனிப்பும் சாறும் தண்ணீரோடு போய்விடும். துண்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் ஈரமும் வாணலியில் வேண்டாத தண்ணீராகச் சேரும்.

இளசான கேரட்டுக்குத் தோல் சீவ வேண்டியதில்லை. தேங்காய் நாரோ புது ஸ்கிரப்பரோ வைத்துத் தேய்த்தால் மண் போய்விடும். முற்றியதற்கு மட்டும் பீலரால் ஒரு சுற்று, அவ்வளவுதான். இரண்டாவது சுற்றுச் சீவினால் நல்ல பகுதிதான் வீணாகும். சீவியதும் துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

கையில் ஒட்டும் ஆரஞ்சு நிறம் சோப்புக்குச் சீக்கிரம் மசியாது. ஒரு சொட்டு நல்லெண்ணெய் தேய்த்துப் பிறகு கழுவினால் போய்விடும். பிளாஸ்டிக் துருவிக்கும் அதே வைத்தியம். அந்த நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். கேரட் சமையலில் கொஞ்சமாவது எண்ணெயோ நெய்யோ தேங்காயோ இருக்க வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம். நிறத்தில் இருக்கும் சத்து அப்போதுதான் உடம்பில் நன்றாகச் சேரும்.

4. நறுக்கும் அளவு

வேகும் நேரத்தைத் தீர்மானிப்பது அடுப்பு அல்ல, கத்தி. கேரட் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் ஒல்லியாக இருக்கிறது. அப்படியே வட்டமாக நறுக்கினால் தலைப்பக்க வட்டம் நுனி வட்டத்தைப்போல மூன்று மடங்கு இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வேகும்?

இப்படிச் செய்யுங்கள். முதலில் கேரட்டைக் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள்: பருத்த பாதி, ஒல்லிப் பாதி. பருத்த பாதியை நீளவாக்கில் பிளந்து, தட்டையான பக்கம் பலகையில் படும்படி வையுங்கள். இனி அது உருளாது. அதை மறுபடி நீளவாக்கில் இரண்டு மூன்று கீற்றாக்குங்கள். ஒல்லிப் பாதியை இரண்டாகவோ நான்காகவோ பிளந்தால் போதும். எல்லாக் கீற்றும் ஏறக்குறைய ஒரே தடிமனுக்கு வந்துவிடும். அவற்றைச் சேர்த்துப் பிடித்துக் குறுக்கே நறுக்குங்கள்.

பொரியலுக்கு அரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கூட்டுக்கும் குருமாவுக்கும் ஒரு சென்டிமீட்டர். சாம்பாருக்குக் கட்டைவிரல் நகம் அளவு. கோசம்பரிக்கும் கேரட் சாதத்துக்கும் அல்வாவுக்கும் துருவல். துருவும்போது பெரிய கண்ணையே பயன்படுத்துங்கள். சிறிய கண்ணில் துருவினால் சாறு எல்லாம் தட்டிலேயே வடிந்து, கையில் சக்கைதான் மிஞ்சும். மிக்சியில் அடித்துத் துருவலாக்கும் குறுக்குவழியிலும் இதே கதைதான். அவசரத்துக்கு அல்வாவில் மட்டும் செய்யலாம், மற்றவற்றுக்கு வேண்டாம்.

5. பொரியல்: முதலில் பழக வேண்டியது

இதைச் சரியாகச் செய்யத் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தேவை: கேரட் அரைக் கிலோ (நடுத்தரமாக ஐந்து), எண்ணெய் 2 சின்ன ஸ்பூன், கடுகு அரை ஸ்பூன், உளுத்தம்பருப்பு 1 ஸ்பூன், காய்ந்த மிளகாய் 2, கறிவேப்பிலை ஒரு ஆர்க்கு, பெருங்காயம் ஒரு சிட்டிகை, உப்பு முக்கால் சின்ன ஸ்பூன், தேங்காய்த் துருவல் 3 பெரிய ஸ்பூன். வெங்காயம் விருப்பம். எனக்குப் பிடிக்காது, கேரட் இனிப்போடு வெங்காய இனிப்பும் சேர்ந்து திகட்டுகிறது.

அ) தாளிப்பு. வாணலி சூடானதும் எண்ணெய் விட்டு, அது காய்ந்ததும் கடுகு. கடுகு முழுக்க வெடித்து ஓயும்போது உளுத்தம்பருப்பு. பருப்பு பொன்னிறத்துக்குத் திரும்பும் நேரத்தில் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. கடுகுக்கு முன் பருப்பைப் போட்டால் கடுகு வெடிப்பதற்குள் பருப்பு கருகிவிடும். எண்ணெய் காயாமல் கடுகைப் போட்டால் வெடிக்காமல் ஊறி, கடைசிவரை கசக்கும்.

ஆ) கேரட், உடனே உப்பு. கேரட்டைக் கொட்டி நடுத்தர தீயில் இரண்டு நிமிடம் கிளறுங்கள். எல்லாத் துண்டின் மேலும் எண்ணெய் பட வேண்டும். உடனே உப்பு. பலர் உப்பைக் கடைசியில் போடச் சொல்வார்கள். இங்கே நான் அதற்கு எதிர்க்கட்சி. உப்பு பட்டதும் கேரட் தன் தண்ணீரைக் கொஞ்சம் வெளியே விடும். அந்தத் தண்ணீர்தான் ஆவியாகிக் கேரட்டை வேகவைக்கப் போகிறது. வெளியிலிருந்து நாம் ஊற்ற வேண்டாம்.

இ) தட்டில் தண்ணீர். தீயைக் குறைத்து, தட்டால் மூடி, தட்டின் மேல் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வாணலிக்குள் இல்லை, தட்டின் மேல்! முதல் முறை சொல்லும்போது அண்ணன் மகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். உள்ளே எழும் ஆவி குளிர்ந்த தட்டில் பட்டுச் சொட்டுச் சொட்டாகக் கேரட் மேலேயே விழும். வெளியே போக வேண்டிய ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், அடியும் பிடிக்காது. கண்ணாடி மூடியில் ஆவித் துளைவழியாகப் பாதி ஈரம் ஓடிவிடுகிறது.

ஈ) நான்கு நிமிடத்தில் ஒரு முறை. திறந்து அடியோடு ஒரு புரட்டு, மறுபடி மூடி. இப்படி எட்டிலிருந்து பத்து நிமிடம். நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்தால் ஆவி போய்விடும், அப்புறம் தண்ணீர் தெளிக்காமல் முடியாது. ஒருவேளை அடி காய்ந்து சரசரவென்ற சத்தம் கேட்டால், தட்டின் மேல் இருக்கும் சுடுதண்ணீரில் இரண்டு ஸ்பூன் எடுத்துத் தெளியுங்கள். பச்சைத் தண்ணீர் தெளித்தால் சூடு இறங்கி வேகும் நேரம் நீளும்.

உ) பதம் பார்ப்பது. ஒரு துண்டைக் கரண்டி முனையால் வாணலி ஓரத்தில் அழுத்துங்கள். நசுங்கினால் தாண்டிவிட்டது. கரண்டி இறங்காமல் துண்டு துள்ளி ஓடினால் இன்னும் இரண்டு நிமிடம் தேவை. அழுத்தினால் சீராக இரண்டாகப் பிளந்தால் அதுதான் பதம். பருத்த துண்டாகப் பார்த்துச் சோதியுங்கள், நுனித் துண்டை நம்பாதீர்கள்.

ஊ) தட்டை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம். தீயைக் கொஞ்சம் கூட்டி, மூடாமல் கிளறுங்கள். மிச்ச ஈரம் போகட்டும். துண்டுகளின் மேல் லேசான பளபளப்பு வரும், ஓரங்கள் சற்றே சுருங்கும். இந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிட்டால் பொரியல் சுவையாக இருந்தாலும் அவித்த காய் மாதிரித்தான் தெரியும்.

எ) அடுப்பை அணைத்துத் தேங்காய். வாணலிச் சூடே அதற்குப் போதும். தேங்காயைப் போட்டு நெடுநேரம் வதக்கினால் ஈரம் போய் நார்நாராக ஆகிவிடும். மதிய டிபன் பாக்ஸுக்கு என்றால் மட்டும் விதிவிலக்கு: தேங்காயை அடுப்பிலேயே ஒரு நிமிடம் புரட்டிவிட்டு, ஆறிய பிறகு மூடுங்கள். வெயில் நாளில் பச்சைத் தேங்காய் மதியத்துக்குள் ஊசிப்போய்விடும்.

பீன்ஸ் சேர்ப்பதாக இருந்தால் முதலில் பீன்ஸ் மட்டும் போட்டு நான்கு நிமிடம் மூடி வேகவிட்டு, பிறகு கேரட். பீன்ஸுக்கு நேரம் கூடுதல், அதிலிருந்து தண்ணீரும் அவ்வளவு வராது. கோஸ் சேர்ப்பதாக இருந்தால் நேர்மாறு: கேரட் பாதி வெந்த பிறகு கோஸ்.

6. பொரியல் தவறிப்போனால்

தண்ணீர் நின்றுவிட்டதா? கொதிக்கவிட்டு வற்ற வைக்கப் பார்க்காதீர்கள், அதற்குள் கேரட் குழைந்துவிடும். கேரட்டைத் தனியே அரித்தெடுத்துவிட்டு, தண்ணீரை மட்டும் சுண்டவிடுங்கள். இரண்டு ஸ்பூன் அளவுக்கு வந்ததும் கேரட்டைத் திரும்பப் போட்டுப் புரட்டினால் இனிப்பும் உப்பும் துண்டுகளிலேயே ஒட்டிக்கொள்ளும்.

உப்புக் கூடினால் தேங்காயைக் கூட்டுங்கள், அல்லது ஊறவைத்து மலர வேகவைத்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி சேருங்கள். உருளைக்கிழங்கைப் போட்டு உப்பை இழுக்கும் வித்தை பொரியலில் எடுபடாது, இழுப்பதற்கு அங்கே குழம்பு இல்லை.

அடிப்பிடித்தால் கரண்டியால் சுரண்டாதீர்கள். மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சுரண்டிய ஒரு துளி போதும், மொத்தமும் தீய்ந்த வாடை அடிக்கும்.

குழைந்தே போய்விட்டதா? நன்றாக மசித்து, அரிசி மாவும் கடலை மாவும் சேர்த்துப் பிசைந்து அடையாகத் தட்டிவிடுங்கள். யாருக்கும் தெரியாது.

7. கோசம்பரி: இங்கே உப்பு கடைசியில்

அடுப்பு கிட்டத்தட்ட வேண்டாம். ராமநவமிக்கு வெள்ளரிக்காய் போட்டுச் செய்வோமே, அதே கோசம்பரிதான். பாசிப்பருப்பு 2 பெரிய ஸ்பூன் எடுத்துக் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும். அதற்கு மேல் மணிக்கணக்கில் ஊறினால் ஒருவித வழவழப்பு வந்துவிடும். வடிகட்டியில் போட்டு ஐந்து நிமிடம் விட்டு நன்றாக வடியுங்கள்.

இரண்டு கேரட் துருவல், பருப்பு, தேங்காய் 2 பெரிய ஸ்பூன், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் ஒன்று, கொத்தமல்லித்தழை. கலந்து வையுங்கள். ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் துருவல் அங்கங்கே வெந்து துவண்டுவிடும்.

உப்பும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் இலையில் வைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான். பொரியலில் கேரட்டின் தண்ணீர் வெளியே வர வேண்டும், அதனால் முதலில் உப்பு. இங்கே அது உள்ளேயே இருந்தால்தான் கடிக்கும்போது மொறுமொறுப்பு. காலையில் உப்புப் போட்டுக் கலந்து மதியம் எடுத்தால் கிண்ணத்தில் ஆரஞ்சுத் தண்ணீர் நிற்கும், துருவல் துணி மாதிரித் தொங்கும்.

8. கேரட் சாதம்

சாதம் குழைவது இரண்டு காரணத்தால்: சாதமே சூடாக இருப்பது, கேரட்டில் ஈரம் இருப்பது.

ஒரு டம்ளர் அரிசியைக் கொஞ்சம் தண்ணீர் குறைத்து உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு முழுக்க ஆறவிடுங்கள். நேற்று இரவே வடித்து ஃப்ரிட்ஜில் வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு தலா ஒரு பெரிய ஸ்பூன், காய்ந்த மிளகாய் 3, இவற்றை வெறும் வாணலியில் சிவக்க வறுத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். இந்தப் பொடி ருசிக்கு மட்டுமில்லை, மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

தாளிப்பில் வேர்க்கடலை ஒரு கைப்பிடி, பிறகு இரண்டு கேரட்டின் துருவலும் உப்பும். மூடாதீர்கள். நடுத்தரத்துக்கு மேலான தீயில் மூன்று நான்கு நிமிடம் கிளறினால் பச்சை வாசனை போய், துருவல் பாதியாகச் சுருங்கும். பொடியைத் தூவி, அடுப்பை அணைத்து, அதன் பிறகு சாதம். கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தாமல், ஓரத்திலிருந்து எடுத்து மேலே போட்டுப் புரட்டுங்கள். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் எல்லாம் முடிந்த பிறகு. அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசப்பேறும்.

9. சாம்பார், கூட்டு, குருமா: எப்போது போடுவது

சாம்பாரில் ஒரே ஒரு விதி: கேரட் வெந்த பிறகுதான் புளி. புளிப்பு சேர்ந்தால் காயின் செல்களைப் பிணைத்துவைக்கும் பெக்டின் எளிதில் இளகாது, அரை மணி நேரம் கொதித்தாலும் துண்டு விறைப்பாகவே நிற்கும். தக்காளிக்கும் இதேதான். அதனால் மூழ்கும் அளவு தண்ணீர், மஞ்சள் தூள், உப்பு போட்டு எட்டு நிமிடம் போலக் கேரட்டை வேகவிட்டு, பிறகு புளிக்கரைசல், பொடி, கடைசியில் வெந்த பருப்பு. இங்கே ஊற்றும் தண்ணீர் வீணாவதில்லை, அதுவே சாம்பாராகிவிடும்.

பருப்போடு சேர்த்துக் குக்கரில் வைத்தால் கேரட் காணாமல் போய்விடும். பருப்புக்கு நான்கைந்து விசில் தேவை, கேரட்டுக்கு ஒன்றே அதிகம். நான்கு பேர் சாம்பாருக்கு ஒரு கேரட்டுக்கு மேல் வேண்டாம், இனிப்புத் தட்டும்.

குருமாவில் கேரட்டும் உருளைக்கிழங்கும் சேர்ந்து வேகும்போது உருளையைச் சற்றுப் பெரிதாக நறுக்குங்கள். ஒரே அளவில் இருந்தால் உருளை முந்திக்கொண்டு கரையும். பாசிப்பருப்புக் கூட்டுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. பருப்பு முக்கால் வேக்காடு வந்ததும் கேரட்டைப் போடுங்கள், தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துவிட்டு ஒரு கொதி.

10. அல்வா: சர்க்கரை எப்போது

தேவை: துருவிய கேரட் அரைக் கிலோ, கொழுப்பு நீக்காத பால் அரை லிட்டர், சர்க்கரை 100 முதல் 125 கிராம் (டெல்லி கேரட் என்றால் 100 போதும்), நெய் 4 பெரிய ஸ்பூன், முந்திரி, ஏலக்காய் 3.

முந்திரியை இரண்டு ஸ்பூன் நெய்யில் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் துருவலை ஏழெட்டு நிமிடம் வதக்குங்கள். துருவலின் பச்சை வாடை போவது இந்த இடத்தில்தான். இதைத் தாண்டிப் பாலை ஊற்றிவிட்டால் அப்புறம் எவ்வளவு ஏலக்காய் போட்டாலும் அந்த வாடை மறையாது.

பாலைத் தனியே காய்ச்சிச் சூடாக ஊற்றுங்கள். நடுத்தர தீயில், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை கிளறி, பால் முழுக்கச் சுண்டும்வரை அரை மணி நேரம் போல ஆகும். பால் லேசாகத் திரிந்து மணல்மணலாக ஆனால் பயப்பட வேண்டாம், சுண்டும்போது அதுவே கோவா மாதிரி சேர்ந்துவிடும்.

கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் பால் ஓடிவந்து கோட்டை மூடாமல் இருந்தால் சர்க்கரை போடும் நேரம். இந்த வரிசையைத்தான் அதிகம் பேர் குழப்புகிறார்கள். பாலோடு சேர்த்தே சர்க்கரையைப் போட்டால் துருவல் மேற்கொண்டு மிருதுவாகாது, பதமான அல்வாவுக்குப் பதில் பாகில் ஊறிய நார்தான் கிடைக்கும். ஒரு தீபாவளிக்கு விருந்தாளி வருகிற அவசரத்தில் நானே இதைச் செய்திருக்கிறேன். சாப்பிட்டவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டாவது கரண்டி யாரும் கேட்கவில்லை.

சர்க்கரை விழுந்ததும் அல்வா மறுபடி இளகி நீர்த்துப்போகும். கேரட்டிலிருந்து மிச்சத் தண்ணீரைச் சர்க்கரை இழுப்பதால் வருவது அது. பதற வேண்டாம், பத்து நிமிடம் கிளறினால் திரும்ப இறுகும். மீதி நெய்யைச் சேருங்கள். வாணலி ஓரத்தில் நெய் ஆரஞ்சு நிறமாகக் கசிந்து, அல்வா ஒட்டாமல் திரண்டு வரும்போது ஏலக்காய், முந்திரி போட்டு இறக்குங்கள். சற்று இளக்கமாக இருக்கும்போதே இறக்க வேண்டும், ஆறினால் இன்னும் கெட்டியாகும்.

11. மீந்த கேரட்டை வைப்பது

ஈரமில்லாமல் துடைத்து, பருத்தித் துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி, மூடிய டப்பாவில் போட்டுக் காய்கறித் தட்டில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். கழுவாமல் மண்ணோடு வாங்கியதை அப்படியே வையுங்கள், சமைக்கும் அன்று கழுவினால் போதும்.

ஆப்பிள் இருக்கும் தட்டில் கேரட்டை வைக்காதீர்கள். ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் கேரட் கசக்க ஆரம்பிக்கும். "நல்ல கேரட்தான் வாங்கினேன், பொரியல் ஏன் கசக்கிறது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஃப்ரிட்ஜில் பக்கத்தில் என்ன இருந்தது என்றுதான்.

மேலே வெள்ளைப் படலம் மாதிரி தெரிவது பூஞ்சை அல்ல, தோல் காய்ந்தது. சீவிவிட்டுச் சமைக்கலாம். தொட்டால் வழுக்கினால் மட்டும் தூக்கிப்போடுங்கள்.

துவண்டுபோன கேரட்டைத் தலையை வெட்டி, பச்சைத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் முழுதாக மூழ்கவைத்து இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இழந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு விறைப்பாகிவிடும். கேரட்டுக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று நான் மனதாரச் சொல்வது இந்த ஓர் இடத்தில்தான்.